யானை எந்தப் பக்கம்

பலா பழுக்கும் மாதங்களில் பாறைமட்டத்துக்காரர்கள் மூக்கை நம்பித்தான் நடப்பார்கள். வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்பக்கமிருந்து பழ வாசனை கனத்து வந்தால், அந்தப் பக்கம் விறகுக்குப் போக நினைத்தவர்கள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். மனிதர் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே அது யானைக்கு எட்டியிருக்கும். பந்தலூரில் ஜீப் ஏறி, ஃபாக்டரியைத் தாண்டி இறங்கினால் பாறைமட்டம் எஸ்டேட். ஒரு சரிவு முழுக்கத் தேயிலை, எதிர்ச்சரிவு முழுக்கக் காடு, நடுவே ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் மனிதர், அந்தப் பக்கம் யானை என்று யாராவது ஒரு காலத்தில் நினைத்திருக்கலாம். யானைகள் அப்படி நினைக்கவில்லை.

லயத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கீழே ஜங்ஷனில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களும் மலையாளிகளும் கடை வைத்திருந்தார்கள். ராஜகுமாரி லயத்துக்காரி. கொழுந்து வெட்டும் பெண்களில் நாற்பதைத் தாண்டிய பிறகும் கத்தரிக்கோலை ஒரே வேகத்தில் ஓட்டக்கூடியவள். அவளுடைய புருஷன் வெற்றிச்செல்வன் காட்டிலாகாவில் தினக்கூலிக்கு யானைக் காவல் பார்த்தான். ஊருக்குள் வரும் யானைகளின் பின்னாலேயே போய், பட்டாசு கொளுத்தி, தகரம் தட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. ஒரே மகள் திருப்பூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருந்தாள்.

‘யானை வருது’ என்கிற வாட்ஸப் குழுவை ஆரம்பித்தவள் ராஜகுமாரிதான். அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு ஆண்டாயி. ஒருநாள் விறகுக்குப் போன ஆண்டாயி, தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி அரைநாள் உட்கார்ந்திருந்தாள். கீழே ஒற்றைத் தந்த யானை ஒத்தக்கொம்பன் நின்றுகொண்டு தொட்டிக் குழாயைப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருந்தது. ஆண்டாயி இறங்கி வந்த பிறகு விசாரித்தால், விடிகாலையிலேயே பால்காரன் அந்த யானையைப் பார்த்திருந்தான். ஜீப்காரன் பார்த்திருந்தான். ஃபாக்டரி வாட்ச்மேன் பார்த்திருந்தான். எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஆண்டாயிக்கு மட்டும் தெரியவில்லை. அன்று சாயங்காலமே ராஜகுமாரி ஜங்ஷனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஷிஜோவிடம் போய், போனில் குழு ஆரம்பிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டாள். அவளும் ஷிஜோவும் அட்மின். யானை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது. அவ்வளவுதான் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் குரலில் சொன்னார்கள்.

இரண்டு வருஷம் அந்தக் குழு ஒரு நல்ல கைவிளக்கு மாதிரி இருந்தது. லயத்துக்காரர்கள், கடைக்காரர்கள், ஜீப் டிரைவர்கள், காவலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். யானைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் கூடலூர்ப் பெண் ஹன்னாவும் இருந்தாள். காதுக் கிழிசலையும் வாலையும் பார்த்து எந்த யானை என்று அவள் சொல்லிவிடுவாள். கோபக்கார யானை, சாது யானை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது எல்லாருக்கும் உதவியாக இருந்தது.

அப்புறம் ஒரு வரைபடம் வந்தது. யார் போட்டது, யார் வரைந்தது என்று எவருக்கும் தெரியாது. பச்சைக் கோடு ஒன்று லயத்தின் மேலேயும் ஜங்ஷன் மேலேயும் ஓடியது. யானை வழித்தடம், இந்தக் கோட்டுக்குள் இருக்கிற வீடுகளைக் காலி செய்யப் போகிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. அதைக் குழுவில் பகிர்ந்தவன் தரணிதரன். ஜங்ஷனில் சிமெண்ட்டும் கம்பியும் தகரமும் விற்கிறவன். அவனுடைய தாத்தா காலத்தில் அன்னூரிலிருந்து வந்த குடும்பம். கடைக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் மிளகும் காப்பியும் போட்டிருந்தான். அந்த நிலத்துக்குப் பட்டா இல்லை. கெட்ட எண்ணத்தில் அவன் அதைப் போடவில்லை. பயந்துபோய்ப் போட்டான்.

பயம் எல்லாருக்கும் இருந்தது. ஒருமுறை கடல்தாண்டி வந்து இந்தச் சரிவில் ஒதுங்கிய ஜனம், மறுபடி மூட்டை கட்டுவதை நினைத்தாலே தூக்கம் தொலையும். ராஜகுமாரிக்கும் தொலைந்தது. அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் படம் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. ஹன்னா மட்டும் பதில் எழுதினாள். இது அதிகாரபூர்வமான வரைபடம் இல்லை, விசாரித்துச் சொல்கிறேன், பதறவேண்டாம் என்று. ‘உனக்குச் சம்பளம் யார் குடுக்குறா’ என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு முப்பது கட்டைவிரல் விழுந்தது. ஹன்னா இரண்டு நாள் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டுக் குழுவிலிருந்து விலகினாள்.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. யானை பற்றி ஒரு செய்தி வந்தால், வழித்தடம் பற்றிப் பத்துச் செய்தி வந்தது. பிறகு கட்சிச் செய்திகள் வந்தன. எங்கள் பக்கம் பேசுகிற கட்சி இது, யானைக்காகப் பேசுகிற கட்சி அது. ஒத்துப்போகாதவர்கள் சண்டை போடவில்லை. ஒரு ஜீப் டிரைவர் விலகினார். கீழ் டிவிஷன் ஸ்கூல் டீச்சர் விலகினார். விலகாதவர்கள் பேசாமல் இருந்தார்கள். ஒருத்தர் போகப்போக, இருப்பவர்களின் பேச்சு இன்னும் கொஞ்சம் ஒரே மாதிரி ஆயிற்று. ஒரே மாதிரி ஆக ஆக, அடுத்த ஆளுக்கு அங்கே இருப்பு கொள்ளவில்லை. ராஜகுமாரி ஒருவரையும் நீக்கவில்லை. தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துபோன கூடையை அவள் இடுப்பில் சுமந்துகொண்டிருந்தாள்.

ஆண்டாயிகூட ஒவ்வொரு செய்திக்கும் கட்டைவிரல் போட்டாள். ஆண்டாயிக்கு எழுத்துத் தெரியாது. எதற்காக அதையெல்லாம் அமுக்குகிறாய் என்று ராஜகுமாரி ஒருநாள் மலையில் வைத்துக் கேட்டாள்.

“எல்லாரும் அமுத்துறாங்க புள்ள. நாம மட்டும் அமுத்தாம இருந்தா மரியாதையா இருக்குமா? கலியாண வீட்டுல எல்லாரும் அட்சதை போடுறப்ப நாம கையக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரியில்ல” என்றாள் ஆண்டாயி.

ராஜகுமாரி சிரித்தாள். ஆனால் தானும் கிட்டத்தட்ட அப்படித்தான் அமுக்குகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. நாள் முழுக்க மழையில் நனைந்து, அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், அத்தனை பேர் ஒரே குரலில் பேசுகிறார்கள். அதில் ஒரு கதகதப்பு இருந்தது. அதை விட்டு எழுந்து போக மனசு வரவில்லை.

வீட்டுக்குள் இடி விழுந்தது ஆடி பிறந்த வாரத்தில்தான். ‘காட்டுக்காரனுக்கு வேவு பாக்குறவங்க நம்ம லயத்துக்குள்ளயே இருக்காங்க. சம்பளம் அங்க, சாப்பாடு இங்க’ என்று யாரோ எழுதினார்கள். பெயர் இல்லை. லயத்தில் காவல் வேலைக்குப் போகிறவன் வெற்றிச்செல்வன் ஒருத்தன்தான். எழுபது பேர் கட்டைவிரல் போட்டார்கள். ராஜகுமாரியோடு ஒரே வரிசையில் நின்று கொழுந்து வெட்டுகிற பெண்களும் அதில் இருந்தார்கள்.

வெற்றிச்செல்வன் வேலை முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றான். அவள் தோசைக்கல்லில் தேங்காய் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் குரூப்புக்கு அட்மின் நீதானே?” என்றான்.

“நானும் ஷிஜோவும்.”

“அதை அழிச்சிருக்கலாமில்ல?”

அழித்தால் புருஷனுக்காக அழித்தாள் என்பார்கள். காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அந்தப் பெண்களோடுதான் நிற்க வேண்டும். பேர் போட்டு எழுதவில்லையே, நாமாக ஏன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏதோ சொன்னாள். சொல்லும்போதே அது பொருந்தாத பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது.

“போன மாசம் அதே எழுபது பேரு வீட்டு வாசல்லதான் நான் ராவெல்லாம் நின்னு தகரம் தட்டுனேன்” என்றான் அவன். குரலை உயர்த்தவில்லை. போனை எடுத்துக் குழுவிலிருந்து விலகினான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிச் செய்ததில்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. காவல் ஷெட்டிலேயே பல நாள் தங்கினான். காவல்காரர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு குழு வைத்துக்கொண்டார்கள் என்று ஷிஜோ சொல்லி அவளுக்குத் தெரிந்தது. ஹன்னாவும் அதில்தான் இருந்தாளாம்.

ஆக யானை ஒன்றுதான், அது நிற்கும் இடமும் ஒன்றுதான். ஆனால் அதைச் சொல்லும் குழு இரண்டாகிவிட்டது.

ஆடி நடுவில் ஒரு வாரம் முழுக்க மழை விடவில்லை. புதன்கிழமை காலையில் ராஜகுமாரி மழைக்குப் படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்த டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது ஹன்னாவிடமிருந்து அவளுக்கு மட்டும் செய்தி வந்தது. ஒத்தக்கொம்பன் இரண்டு பெண் யானைகளோடு ஓடையைத் தாண்டிப் பதினொன்றாம் நம்பர் தேயிலை மலைக்கு இறங்குகிறது, கோபமாக இருக்கிறது, தயவுசெய்து குழுவில் போடுங்கள் அக்கா என்று.

ராஜகுமாரி போட்டாள். ஹன்னா சொன்னது என்றும் சேர்த்துப் போட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று. தேத்தண்ணியை ஆற்றிக் குடிப்பதற்குள் தரணிதரன் எழுதிவிட்டான். ‘அந்தப் பொண்ணு சொன்னா நம்பிடறதுங்களா? வேலைக்குப் போகவிடாம நம்மளப் பயமுறுத்தி, இந்த மலையே யானைக்காடுன்னு எழுதறதுக்குத்தானுங்க இதெல்லாம். பொய்ச் செய்தி.’ கட்டைவிரல்கள் மளமளவென்று விழுந்தன. பின்னாலேயே இன்னொருவர் கேட்டார்: ‘அட்மின் எந்தப் பக்கம்?’

அந்த மூன்று வார்த்தையை ராஜகுமாரி நின்றபடியே படித்தாள். புருஷனுக்குப் போன் செய்து கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அவனிடம் என்ன முகத்தோடு கேட்பது. குழுவில் தான் போட்ட செய்தியை அழித்தாள். அழித்தவுடன் நெஞ்சு லேசானது போலிருந்தது. அந்த லேசு பெரட்டுக்களம் போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை.

பெரட்டுக்களத்தில் மேஸ்திரி பதினொன்றாம் நம்பருக்குத்தான் ஆள் பிரித்தார். ராஜகுமாரி அவர் பக்கத்தில் போய், அங்கே யானை என்று ஒரு பேச்சு இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னாள். மேஸ்திரி அவளை ஒருமாதிரி பார்த்தார்.

“நானும் பாத்தேன். அப்புறம் பாத்தா நீங்களே அழிச்சிட்டீங்க. சரி, பொய்தான்போலன்னு நெனச்சேன்” என்றார்.

பொய்யில்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சுற்றி நின்ற பெண்கள் கூடையையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆண்டாயி எல்லாருக்கும் முன்னால் ரப்பர் பூட்ஸ் சத்தமிட நடந்தாள். ராஜகுமாரியும் பின்னால் போனாள்.

பதினொன்றாம் நம்பர் மலையில் மஞ்சு இறங்கியிருந்தது. முன்னால் நிற்கும் செடிக்கு அப்பால் இரண்டாவது செடி தெரியாது. பெண்கள் ஒருவரையொருவர் குரலால் தெரிந்துகொண்டு வெட்டினார்கள். கத்தரிக்கோல் சத்தமும், படங்கில் மழை விழும் சத்தமும், எங்கோ கீழே ஓடையின் இரைச்சலும். யாரோ மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராஜகுமாரியின் கை வெட்டிக்கொண்டிருந்தது. காது மட்டும் ஓடைப்பக்கம் போயிருந்தது. ஒரு கிளை முறிந்தது போலிருந்தது. காற்றாக இருக்கலாம். மழையில் ஊறிய மரம் தானாகவும் முறியும். மறுபடி முறிந்தது.

அவள் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, எல்லாரும் நிறுத்துங்கள் என்று சொன்னாள். தன் குரல் அவ்வளவு பலமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. மருமகள் பேச்சு அறுந்தது. அந்த அமைதியில்தான் கீழேயிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. விடாமல் ஒரே அமுக்காக அமுக்கிப் பிடித்த ஹாரன். எஸ்டேட் ரோட்டில் மஞ்சைக் கிழித்துக்கொண்டு இரண்டு மஞ்சள் விளக்கு மேலே ஏறி வந்தது. ஒரு பிக்கப் வண்டி. கதவைத் திறந்துகொண்டு இறங்கினவன் தரணிதரன். லுங்கியோடும் வீட்டுச் செருப்போடும் வந்திருந்தான்.

“ஏனுங்க, எல்லாரும் கூடையப் போட்டுட்டு வாங்க. கீழதான் நிக்குது. ஓடாதீங்க, வழுக்கும், வேகமா நடந்து வாங்க” என்றான்.

ஒரு கேள்வியும் கேட்காமல் பெண்கள் வரிசையை விட்டு ஏறினார்கள். வண்டியின் பின்பக்கத்தில் சிமெண்ட் மூட்டைகள் பாதி இறக்காமல் கிடந்தன. அதன்மேலேயே ஒருவரையொருவர் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினார்கள். ஆண்டாயியின் ஒரு பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. திரும்பி அதைப் பிடுங்கப் போனவளை ராஜகுமாரி இடுப்பைச் சேர்த்துக் கட்டிப் பிடித்து மேலே ஏற்றிவிட்டாள். தரணிதரன் வண்டியைத் திருப்பாமல் பின்பக்கமாகவே எடுத்தான். வளைவு வரைக்கும் போவதற்குள், அவர்கள் வெட்டிக்கொண்டிருந்த வரிசையில் மஞ்சு கறுத்தது. கறுத்த இடத்திலிருந்து ஒத்தக்கொம்பன் வெளியே வந்தது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை. கூடைகளை முகர்ந்து பார்த்தது. ராஜகுமாரியின் பையைத் தூக்கி உதறி, டப்பாவைக் காலடியில் போட்டு அமுக்கியது. டப்பா நசுங்குகிற சத்தம் வளைவுவரை கேட்டது. பெண்களில் ஒருத்திகூடக் கத்தவில்லை. ஆண்டாயி மட்டும் ராஜகுமாரியின் கையை எலும்பு நோகப் பிடித்திருந்தாள்.

ஃபாக்டரி வாசலில் எல்லாரையும் இறக்கியபோதுதான் அழுகையும் சிரிப்பும் வந்தது. யாருக்கும் கீறல்கூட இல்லை. கேன்டீன்காரர் கேட்காமலே தேத்தண்ணி ஊற்றினார். ஆண்டாயி ஒரு காலில் பூட்ஸோடும் ஒரு காலில் சேற்றோடும் உட்கார்ந்து, என் மருமகளிடம் சொல்லாதீர்கள், இனிமேல் வேலைக்கு விடமாட்டாள் என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

ராஜகுமாரி தரணிதரனிடம் போனாள். அவன் வண்டியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். கொக்கி இரண்டு முறை நழுவியது. அவள் மாட்டிவிட்டாள்.

“பொய்ச் செய்தின்னு நீங்கதானே எழுதுனீங்க” என்றாள்.

“நாந்தானுங்க்கா எழுதுனேன்.” அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். “எழுதிட்டுப் போனக் கீழ வெச்சனுங்க. என்ற அம்மா அடுப்புக்கிட்ட உக்காந்துட்டு, யானை எந்தப் பக்கமிருக்குதாமா சாமின்னு கேட்டாங்க. பதினொன்னாம் நம்பர்லம்மா, நீ காப்பித் தோட்டத்துப் பக்கம் போயிறாதேன்னு சொல்லிட்டனுங்க. வாய் தானா சொல்லிருச்சு. சொன்னதுக்கு அப்புறந்தான் எனக்கே தெரிஞ்சுது, அந்தப் பொண்ணு சொன்னத நான் நம்பறேன்னு.”

“அப்பவே குரூப்புல மாத்தி எழுதியிருக்கலாமில்ல, தம்பி?”

“எழுதத்தானுங்க போனேன். அதுக்குள்ள அத்தன பேரு கட்டைவெரலப் போட்டிருந்தாங்க. நாஞ்சொன்னதுக்காகப் போட்டவங்க. கை வரலீங்க. உங்களுக்குப் போன் பண்ணிப் பாத்தேன், மேஸ்திரிக்குப் பண்ணிப் பாத்தேன், மலைல டவர் கெடைக்கல. அப்புறம் வண்டிய எடுத்துட்டேன்.”

அவனைத் திட்டுவதற்கென்று ராஜகுமாரி நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அது எதுவும் இப்போது தேவைப்படவில்லை. அவன் எழுதினான், இவள் அழித்தாள், மேஸ்திரி பார்த்தார், அத்தனை பேர் அமுக்கினார்கள். ஒருத்தருக்கும் அது பொய் என்று நிச்சயமில்லை. அடுத்தவருக்கு நிச்சயமாகத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். அவ்வளவு நாளும் மலையளவுக்கு எழும்பி நின்ற அந்தக் குழு, உள்ளே இவ்வளவு பொக்கா என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியபோது பயம் வரவில்லை. யாரோ முதுகிலிருந்து ஈரக்கூடையை இறக்கியது போலிருந்தது.

வெற்றிச்செல்வன் ஓடைப்பக்கமிருந்து ஏறி வந்தான். யானைகளைக் காட்டுக்குத் திருப்பிவிட்டு வந்திருந்தான். முழங்கால் வரை சேறு. பெண்கள் கூட்டத்துக்குள் அவன் கண் தேடியது. அவளைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தியது. பக்கத்தில் வந்து நின்றான். அவளுடைய கழுத்தோரம் ஒரு அட்டை ஊறிப் பருத்துக்கிடந்தது. மடியிலிருந்து புகையிலையை எடுத்துக் கசக்கி அதன்மேல் தேய்த்தான். அட்டை சுருண்டு விழுந்தது. ரத்தம் வழிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“எதிர்க்கரையில இருந்து பாத்தேன்” என்றான் பிறகு. “மஞ்சு ஒருதடவ விலகுச்சு. உன் மஞ்சப் படங்கு தெரிஞ்சுது. பட்டாச வெடிச்சா யானை உங்க பக்கந்தான் ஓடும். வெடிக்காமயும் இருக்க முடியல. ஹாரன் சத்தம் கேட்டப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஹன்னா அனுப்பியதை, தான் அழித்ததை, யார் கேட்டதற்காக அழித்தாள் என்பதை. அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் குடித்து மிச்சம் வைத்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தான்.

“எங்க குரூப்பு மட்டும் என்ன ஒழுங்கா? லயத்து ஆளுங்க நஷ்டஈடு வாங்குறதுக்காகவே பலா மரத்த வெட்டாம வச்சிருக்காங்கன்னு ஒருத்தன் போட்டான். எல்லாரும் கட்டைவெரல் போட்டாங்க. நானும் போட்டேன்” என்றான். “நம்ம வீட்டுப் பின்னால ரெண்டு பலா நிக்குது, ராஜி.”

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

அடுத்த நாள் எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு, ராஜகுமாரி ஷிஜோவின் கடைத் திண்டில் உட்கார்ந்து குழுவிலிருந்து விலகியவர்களுக்கெல்லாம் போன் செய்தாள். ஏன் போனீர்கள் என்று கேட்டாள். ஸ்கூல் டீச்சர், தன்னைத் தவிர எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்று எண்ணிப் போனதாகச் சொன்னார். ஜீப் டிரைவரும் அதையேதான் சொன்னார். இன்னொருவர், அரசியல் எல்லாம் இல்லை, தினமும் காலையில் பூப்படம் போட்டுத் தொந்தரவு செய்தார்கள், அதனால் போனேன் என்றார். ஹன்னா முதலில் ஆண்டாயிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டாள். திரும்பி வருவாயா என்று கேட்டதற்கு, நீங்கள் கேட்கவே மாட்டீர்கள் என்று நினைத்தேன் அக்கா என்றாள். ராஜகுமாரி அவளிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஷிஜோ சர்க்கரை நிறுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஞான் இது எப்பவும் காணுறதா, சேச்சி. ஒரு ஆளு இங்க வந்து சாமான் வாங்கும்போ, பட்டாவும் வேணும், ஆனையும் சாகக்கூடாதுன்னு சொல்லும். அதே ஆளு வீட்டுக்குப் போயி போனை எடுத்தா வேற ஆளு” என்றான். நீ ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ராஜகுமாரி கேட்டாள். கடையில கச்சவடம் நடக்கணுமே சேச்சி என்று அவன் தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அந்த நேர்மை அவளுக்குப் பிடித்திருந்தது.

அன்றே அவள் குழுவில் ஒரு குரல்செய்தி போட்டாள். எழுத வரவில்லை, பேசினால்தான் வரும் என்று தோன்றியது. புதன்கிழமை உண்மையான செய்தியை அழித்தது நான்தான், தரணி தம்பி வண்டி வந்திருக்காவிட்டால் நாங்கள் யாரும் இல்லை, இனி இங்கே யானையைப் பற்றி மட்டும்தான் பேச்சு, யார் சொன்னாலும் சரி, போய்ப் பார்க்காமல் பொய் என்று சொல்லக்கூடாது என்றாள். பதில் வர நேரமாயிற்று. முதல் கட்டைவிரல் ஆண்டாயியுடையது. அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தரணிதரனுடையது. அதற்குப் பிறகு நிறைய விழுந்தன. இரண்டுபேர் விலகினார்கள். அவர்களுக்கும் போன் செய்து, கோபம் இருக்கட்டும், யானைச் செய்திக்காகவாவது இருங்கள் என்று கேட்டுக்கொண்டாள். ஒருத்தர் வந்தார்.

நிலத்தைப் பற்றிய கவலை அதனால் தீர்ந்துவிடவில்லை. வரைபடம் பொய் என்று ஹன்னா தாலுகா ஆபீஸில் விசாரித்துச் சொன்னாள். ஆனால் பட்டா இல்லாதது மெய்தானே. அதைப் பேச ஒரு இடம் வேண்டும் என்று தரணிதரன் தனியாக ஒரு குழு ஆரம்பித்தான். அது நியாயம் என்று ராஜகுமாரிக்கும் பட்டது. அவள் அதில் சேர்ந்தாள், பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்தது. சாயங்காலம் ராஜகுமாரி வாசலில் மிளகாய் உலர்த்தியிருந்ததை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வெற்றிச்செல்வன் கட்டிலில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் போனில் எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆடை கட்டிப்போயிருந்தது. யாருக்கு இவ்வளவு பெரிய கடுதாசி என்று கேட்டாள். தரணியின் குழுவில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான்.

“அங்க எதுக்குங்க போனீங்க? அதுல எல்லாரும் ஒரே பக்கமாச்சே.”

“அதனாலதான் போனேன். ஒருத்தனாவது எதிர்ல உக்காந்திருந்தாத்தானே அவங்களும் பாத்துப் பேசுவாங்க. பட்டா வேணுங்கறதுல எனக்கும் சம்மதந்தான். ஓடைக்கரையையும் சேத்துக் கேக்குறாங்க பாரு, அது யானை இறங்குற வழி, கூடாதுன்னு எழுதியிருக்கேன்.”

அவள் அள்ளிவந்த மிளகாயை முறத்தில் கொட்டினாள். மறுபடி வேவுக்காரன் என்பார்கள், மறுபடி இவன் தட்டைத் தானே கழுவுவான். போன் சிணுங்கியது. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தான். படித்து முடித்து, இன்னொருமுறை முதலிலிருந்து படித்தான்.

“என்ன எழுதியிருக்காங்க?” என்றாள்.

“தரணிதான். நான் சொல்றது சுத்தத் தப்புங்கறான். ஓடைக்கரையில அவன் தாத்தா காலத்துலயே மொளகு இருந்துச்சாம். நீட்டி மொழக்கி எழுதியிருக்கான்.”

“வெளிய போகச் சொல்றானா?”

“இல்ல.” வெற்றிச்செல்வன் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். “கடைசில பாரு. கோவிச்சுக்கிட்டுப் போயிறாதீங்கண்ணா, நாளைக்கும் வாங்கன்னு போட்டிருக்கான்.”

ராஜகுமாரி அந்த வரியைத் தானே ஒருமுறை படித்துக்கொண்டாள். பிறகு ஆறிப்போன தேத்தண்ணியைக் கொல்லையில் ஊற்றிவிட்டு, இரண்டு பேருக்குமாகப் புதிதாகத் தண்ணீர் வைத்தாள்.